மறுபடி எழுதுவதா? – வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

(நெய்யாற்றங்கரை – பாறசாலை எல்லையோரக் கிராமமான ஒற்றசேகரமங்கலத்தில், நம் சங்கக் குடும்பங்கள் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று நான் கூலி உயர்வைப் பற்றியோ ரேஷன் கார்டைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு பெண் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் நம் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பாறை உடைக்கும் குவாரியில் வேலை செய்கிறவர். அவர் மனைவி விடியுமுன் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பிறகு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டு, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எழுதினாள். தகுதி பெற்றாள் என்று தாள் வந்தது. இடம் வரவில்லை.

நான் திண்ணையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "மாமா, நான் ஒருக்கா கூட எழுதட்டா?"

அவள் அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். ஊரெல்லாம் பேசுகிற எனக்கும் அப்போது வாய் திறக்கவில்லை. "கூட்டத்தில் சொல்லுதேன் மக்ளே" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன். பெயரும் ரேங்கும் சொல்ல மாட்டேன். அது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம்.

என் வீட்டுக் கணக்கு

பதில் சொல்லுமுன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. 1996-ல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு எழுதி, கணக்குப் பாடத்தில் தோற்றவன். ஆண் பிள்ளை தோற்றுவிட்டான் என்று வீடே இழவு வீடு மாதிரி ஆயிற்று. அப்பா கடன் வாங்கி என்னை ஒரு டுடோரியலில் சேர்த்தார். மறுபடி எழுதித் தேறினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. என் தங்கை எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. டுடோரியல் கடனை அடைக்க வழியில்லாமல் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முந்திரி ஆலைக்கு அனுப்பினார்கள். கொட்டைப் பாலில் விரல் வெந்து வெந்து அவள் கை கறுத்தது. 'அவன் இரண்டாம் தடவையில் ஜெயித்துவிட்டான்' என்று ஊர் சொன்னது. யார் கையால் ஜெயித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை இன்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தேன். கிளார்க் ஆவதற்கான இலாகாத் தேர்வை எழுதினேன். முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை தேறினேன். அந்த மறுதேர்வுக்காக யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தோற்றிருந்தாலும் மறுநாள் காலை சுத்தியலும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போயிருப்பேன்.

இரண்டும் மறுதேர்வுதான். ஒன்றில் இன்னொருவரின் படிப்பைத் தின்றேன். மற்றொன்றில் என் சொந்தக் காலில் நின்றேன். ஆகவே, மறுபடி எழுதலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது: காலுக்குக் கீழே என்ன இருக்கிறது? செலவை யார் சுமக்கிறார்கள்?

நாட்டுக் கணக்கு

'என் பிள்ளை தோற்றுவிட்டது' என்று சொல்கிற பெற்றோரே, கொஞ்சம் கேளுங்கள். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் 22 இலட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றவர்கள் 12 இலட்சத்து 36 ஆயிரம் பேருக்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம். அவற்றில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில் இருப்பவை. தகுதி பெற்றவர் பத்துப் பேருக்கு ஓர் இடம். நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்துப் பேரைக் கூப்பிட்டு, உட்காராத ஒன்பது பேரையும் முட்டாள் என்று சொல்வது என்ன நியாயம்?

அந்த நாற்காலியில் உட்காருவது யார்? 2019 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ்நாட்டு அரசு ஒரு கணக்கைக் கொடுத்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்த ஆண்டு சேர்ந்த 3,081 பேரில், பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் இடம் பெற்றவர்கள் 48 பேர். 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு இன்னொரு கணக்கைச் சொன்னது. 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்தவர்கள். 2020-21-ல் அது நூற்றுக்கு எழுபத்தொன்று ஆயிற்று.

இதன் பொருள் என்ன? முதல் தடவை எழுதுகிற குவாரித் தொழிலாளி மகள், ஒரு வருடம் முழுவதையும் விலை கொடுத்து வாங்கிப் படித்தவனோடு ஒரே வரிசையில் ஓடுகிறாள். பணமுள்ளவன் புத்தகத்தை மட்டும் வாங்கவில்லை, தோழர்களே! காலத்தையே வாங்குகிறான். திருச்சூரிலும் பாலாவிலும் இராஜஸ்தானத்துக் கோட்டாவிலும் அந்தக் காலம் விற்பனைக்கு இருக்கிறது.

1,200-க்கு 1,176 மார்க் வாங்கிய அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அவள். அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவு என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-லும் 2022-லும் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டம் தொடர வேண்டியதுதான். ஆனால் போராட்டம் முடியும்வரை நம் பிள்ளை காத்திருக்க முடியாது. அடுத்த விண்ணப்பத் தேதி அதற்குள் வந்துவிடும்.

இரண்டு மாநிலத்துக்கு நடுவே

1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின; நெய்யாற்றங்கரை இந்தப் பக்கம் நின்றது. பாறசாலையைத் தாண்டினால் குழித்துறை. ரயிலுக்குச் சில நிமிட தூரம். சான்றிதழுக்கு அது ஏழு கடல் தூரம்!

2020-ல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கே படித்த நம் பிள்ளைக்கு அது இல்லை.

இந்தப் பக்கமோ, கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் 'கேரளத்தவர்', 'கேரளத்தவர் அல்லாதார்' என்று பிரித்து, பின்னதிலும் வகை பிரிக்கிறார். பல வருடம் இங்கே குடியிருந்ததைக் காட்டினால் மாநில மெரிட் இடத்துக்குப் போட்டியிட வழி உண்டு. அந்த வகையினருக்குச் சாதி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையாது. பிள்ளையோ பெற்றோரோ கேரளத்தில் பிறந்ததற்குச் சான்று இருந்தால் நிலைமை வேறு. ஆகவே டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள்.

தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவன், தந்தை வேலைக்காக வந்த பம்பாயில் மருத்துவக் கல்லூரி ஒதுக்கீடு கேட்டான். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று பெயர். ஒரு மாநிலத்தின் பட்டியல், குடிபெயர்ந்தவனோடு இன்னொரு மாநிலத்துக்குக் கூட வராது என்று 1990-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதி இழிவு மட்டும் டிக்கெட் வாங்காமல் கூடவே வருகிறது. சலுகை எல்லையிலேயே இறங்கிவிடுகிறது!

2018-ல் நடந்ததை மறந்துவிட்டோமா? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரை எர்ணாகுளத்துக்கு அனுப்பித் தேர்வு எழுத வைத்தார்கள். மகனைக் கூட்டிவந்த ஒரு தந்தை, மகன் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் உயிர்விட்டார். அதே ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. 196 மார்க் கொடுக்கச் சொன்னது மதுரைக் கிளை. அதை ரத்துச் செய்தது உச்சநீதிமன்றம். பிழை செய்தவனுக்கு மார்க் குறையவில்லை; பிழையைப் படித்த பிள்ளைக்குக் குறைந்தது.

நான்கு கேள்விகள்

இவ்வளவும் தெரிந்த பிறகு, மறுபடி எழுதுவதா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். பிள்ளையும் தாய் தகப்பனும் சேர்ந்து உட்காருங்கள். நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி: ரேங்க் எங்கே நிற்கிறது? மார்க்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2024-ல் முதலில் வந்த பட்டியலில் 67 பேர் 720-க்கு 720 என்று இருந்தது. திருத்தியபின் 17 பேர். 2025-ல் நாட்டிலேயே அதிக மார்க் 686. பொதுப் பிரிவில் தகுதி மார்க் 2024-ல் 162, 2025-ல் 144. ஒரே மார்க்குக்கு ஆண்டுக்கு ஆண்டு விலை வேறு. 2025 ஜூலையில் கேரளப் பொறியியல் ரேங்க் பட்டியலையே நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பத்து நாளுக்குள் மாற்றி வெளியிட்டார்கள். ஆகவே, நம் பிள்ளை எந்தப் பிரிவில் நிற்கிறது, அந்தப் பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்கில் முடிந்தது, இரண்டுக்கும் தூரம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: போன தடவை மார்க் ஏன் போயிற்று? 180 கேள்வி, சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிப்பு. தவறு ஒன்று சரியானால் ஐந்து மார்க் வித்தியாசம். இருபது தவறு சரியானால் நூறு மார்க். விடைத்தாள் நகலும் சரியான விடைகளும் வெளியிடப்படுகின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள்: படிக்காததால் போனது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது. முதல் வகை அதிகம் என்றால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இரண்டாம் வகை என்றால் எழுதிப் பழக வேண்டும். 'இந்தத் தடவை இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்' என்பது பதில் ஆகாது. எது மாறப் போகிறது என்று எழுத முடியாவிட்டால், மார்க்கும் மாறாது.

மூன்றாம் கேள்வி: காலுக்குக் கீழே என்ன? நீட் தேர்வை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். உச்ச வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு போல இரண்டே தடவை என்ற வரம்பு இதற்கு இல்லை. கதவு எப்போதும் திறந்திருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். மூடாத கதவின் முன்னால்தான் மனிதன் வருடக் கணக்கில் நிற்கிறான். ஆகவே நிற்கிற காலத்துக்கு ஒரு படிப்பு, ஒரு கல்லூரி வேண்டும். தனுவச்சபுரத்தில் கல்லூரி இருக்கிறது, காட்டாக்கடையில் இருக்கிறது. கேரளத்தில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் எல்.பி.எஸ். மையம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து இடம் கொடுத்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பூர்வீகச் சான்றிதழ் எடுக்க முடிகிறவர்கள் அங்கேயும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தொழிற்கல்வி இடத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டிய விதிகள் உண்டு. விதிப் புத்தகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்காம் கேள்வி: யார் மடியிலிருந்து பணம்? பயிற்சிக் கட்டணம், விடுதி, பஸ், புத்தகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதிரே, பணம் வரும் வழியையும் எழுதுங்கள். அம்மாவின் கம்மலா? அயல்கூட்டக் கடனா? வட்டிக்காரனா? தம்பியின் படிப்பா? தம்பியின் பெயரோ தங்கையின் பெயரோ அந்தப் பக்கத்தில் வந்தால், அங்கேயே பேனாவை வையுங்கள். என் தங்கையின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை. அதனால்தான் யாருக்கும் அது தெரியாமலே நடந்தது.

மானம் என்ற ஐந்தாவது ஆள்

இந்த நான்கு கேள்விக்கும் நடுவில் ஐந்தாவதாக ஒருவன் வந்து உட்காருவான். அவன் பெயர் மானம். "டாக்டருக்குப் படிக்கிறாள் என்று ஊரில் சொல்லிவிட்டேனே!" "மேஸ்திரி மகன் மூன்றாவது தடவையில் வாங்கினானே!" என்பான். அவனை வெளியே அனுப்புங்கள்.

நம்மில் ஒரு குடும்பம் மகனை மூன்றாவது தடவைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறது. நகையெல்லாம் அடகில். ரேங்க் இரண்டு தடவையும் ஏறக்குறைய அதே இடம். அந்தப் பையனிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, அப்பாகிட்ட சொல்ல பயமாயிருக்கு" என்றான். அந்தத் தகப்பனிடம் நேரில் பேசிவிட்டேன். இங்கேயும் பொதுவாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஆசை இல்லாத மறுதேர்வு தண்டனை. நிறுத்துவது தோல்வி அல்ல. இரண்டு வருடம் படித்த இயற்பியலும் உயிரியலும் எங்கும் போய்விடாது. எந்தப் பட்டப் படிப்புக்கும் அது முதல்தான்.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால், திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ், கேரளத்தில் 1056 என்ற எண்ணில் திஷா. போன் செய்வதில் வெட்கம் எதற்கு? காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போவதில்லையா?

என் பதில்

இப்போது அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்கிறேன். நோட்டைப் போட்டுப் பார்த்தோம், மக்ளே. உயிரியலும் வேதியியலும் உனக்கு நன்றாக வந்திருக்கின்றன. இயற்பியலில்தான் தெரியாத கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாக விடை எழுதி மார்க்கைத் தொலைத்திருக்கிறாய். முதல் தடவை உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேங்கின் தூரம் அதிகம்தான். ஆனால் எது மாற வேண்டும் என்று உனக்குத் தெரிகிறது. ஆகவே என் கருத்து: எழுது. ஒருக்கா கூட எழுது. ஆனால் நான்கு நிபந்தனை.

பக்கத்துக் கல்லூரியில் பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டு எழுது. விடுதிப் பயிற்சிக்காக வட்டிக்கு ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பத்தாவது படிக்கிற உன் தம்பியின் படிப்பில் கை வைக்கக் கூடாது. முடிவு வந்த நாளோடு கணக்கை மூட வேண்டும். இடம் வந்தால் போ, வராவிட்டால் சேர்ந்த படிப்பைத் தலை நிமிர்ந்து தொடர். இது என் கருத்து. முடிவு உங்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

கல்லூரிக்கும் போய்க்கொண்டு படிப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். விடுதியில் இரவும் பகலும் படிக்கிற பிள்ளையைவிட உனக்கு நேரம் குறைவு. அதை மறைக்கவில்லை. நேரத்தை வாங்கப் பணம் நம்மிடம் இல்லை. ஆகவே இருக்கிற நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியது நம் எல்லோருடைய கடமை.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று: சங்க அறையில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்கும் மேசையும் பிள்ளைகளுக்கு. நம் கூட்டங்கள் வேறு நேரத்துக்கு மாறட்டும். கேரள அரசின் கைட் நிறுவனம் 2024-ல் தொடங்கிய இலவச நுழைவுத் தேர்வுப் பயிற்சியை அங்கே பார்க்க ஏற்பாடு செய்வோம். இயற்பியல் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் வருவதாக ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு: விண்ணப்பக் காவல். நீட் எழுதினால் மட்டும் கேரளத்தில் இடம் கேட்க முடியாது. நுழைவுத் தேர்வு ஆணையரிடம் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். 2025-ல் அது பிப்ரவரி 20-ல் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. மார்க் வாங்கியும் இந்த ஒரு தாளை விட்டுவிட்டு அழக் கூடாது. வினாத்தாள் மொழியையும் தேர்வு மையத்தையும் விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். தமிழ்த் தாள் எந்த ஊர் மையங்களில் கிடைக்கும் என்று அந்த ஆண்டின் குறிப்பேட்டைப் பார்த்து நிரப்ப வேண்டும். ஜனவரி முதல் இரண்டு தோழர்கள் இந்த வேலைக்கே.

மூன்று: பயிற்சி நிலையத்தில் சேர்கிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். நடுவில் விலகினால் மீதிக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு விதி வெளியிட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ரசீது வாங்கிச் சேருங்கள்.

தோழர்களே! நாம் பாறையை உடைத்தோம், சாலை போட்டோம், வீடு கட்டினோம். நம் பிள்ளைகளின் கேள்விக்கு முன்னால் மட்டும் தரையைப் பார்த்து நின்றோம். இனி நிற்க வேண்டாம். நோட்டைத் திறப்போம். எழுதச் சொல்வதானாலும் நிறுத்தச் சொல்வதானாலும் காரணத்தோடு சொல்வோம், கூடவே நிற்போம்.

என் தங்கை இன்று இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சங்க அறைக்கு முதல் விளக்கு வாங்கப் பணம் கொடுத்தது அவள்தான்.